பாட்டை மியூட் செய்தபோது

கஹவத்தை பஜாரில் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்த வேலைகளிலேயே என்னைப் படாதபாடு படுத்தியது ஒரு கல்யாண வீடியோதான். நாங்களே எடுத்துக் கொடுத்ததை மருதை அண்ணன் திரும்பக் கொண்டுவந்தார். தேயிலை பெக்டரியில் ரோலர் இரைச்சலுக்குள் நின்று நின்று காது போனவர். மகள் கல்யாணத்தில் யார் என்ன பேசினார்கள் என்று வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டார்.

"எழுத்தோட செஞ்சு தாங்க தங்கச்சி, தல தீவாளிக்கு முந்தி வேணும்," என்றார் அவர் மனைவி செல்லம்மா அக்கா. "புள்ளய அழைக்க அரநாயக்கவுக்கு இவரு தம்பியத்தான் அனுப்புறோம். காது கேக்காம சம்பந்தி வீட்ல போயி திருதிருன்னு முழிக்க ஏலாதுன்னு அடம்புடிக்கிறாரு."

பேச்சைத் தானே எழுத்தாக்கும் ஆட்டோ கேப்ஷனை ஓடவிட்டேன். மொழி தமிழ் என்றுதான் கொடுத்திருந்தேன். ஆனால் மணப்பெண் புறப்படும்போது வாயசைக்கிறாள், கீழே காதல் டூயட் ஓடுகிறது! சனியன் பிடித்த மென்பொருள் என்று ஏசிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். அதே டூயட்.

பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கம் கல்யாண வீடியோ என்றால் தொடக்கம் முதல் முடிவுவரை சினிமாப் பாட்டுப் போட்டு, சொந்தச் சத்தத்தை அணைத்துவிடுவோம். "பாட்டு இல்லாட்டி கஸ்டமர் ஏசுவாங்க," என்பார் முதலாளி. மென்பொருளுக்குக் கேட்டது பாட்டு மட்டும்தான். பாவம், அது என்ன செய்யும்?

கணினியில் அந்த வீடியோவின் பழைய எடிட்டிங் புரொஜெக்டைத் திறந்து பாட்டு டிராக்கை மியூட் செய்தேன். கேமரா சத்தத்தைத் திறந்து, கேப்ஷனுக்கு அந்த டிராக்கை மட்டும் கொடுத்தேன். பேச்செல்லாம் எழுத்தாக வந்தது. மகள் அப்பாவின் காலில் விழுந்து எழுந்து பேசிய இடம் மட்டும் மேளத்தில் அமுங்கி வெறுமையாகக் கிடந்தது. ஹெட்போனை மாட்டித் திரும்பத் திரும்பக் கேட்டு, அதைக் கையால் டைப் செய்தேன்.

இருவரும் வந்ததும் அந்த இடத்தைப் போட்டேன். மருதை அண்ணன் திரையருகே குனிந்து வாய்விட்டு வாசித்தார்.

"அப்பா, தல தீவாளிக்கு நீங்கதான் வந்து என்னயக் கூட்டிட்டுப் போகணும். வேற ஆள அனுப்பாதீங்க. வருவீங்கதானே?"

திரையில் அவர் பலமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அடியே, சரின்னுல்ல தலையாட்டியிருக்கேன்!" என்றவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "தம்பிய வேணாம்னு சொல்லு. நான் போறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, பாதி பஜாருக்குக் கேட்கும் குரலில், "அரநாயக்க போக கேகாலைக்கு எந்த பஸ்சு தங்கச்சி?" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, கேப்ஷன் பிசகினால் எந்த டிராக்கைக் கேட்கக் கொடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். கேமரா சத்தத்தை அணைத்தாலும் அழித்துவிடாதீர்கள். பெண் விடைபெறும் இடத்தில் நான் இப்போது பாட்டுப் போடுவதே இல்லை. முதலாளி ஏசினால் ஏசட்டும்.