தடைக்காலத்தில் வந்த மகள்

எர்ணாவூர் கடலோரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு செல்லம்மா அத்தையுடையது. ஒரே அறை. அதில் அத்தை, ரகுபதி மாமா, இரண்டு மகன்கள், மருமகள், கைக்குழந்தை. ஆண்கள் விசைப்படகில் தொழிலுக்குப் போனால் வாரம் முழுக்க வீடு தாராளமாக இருக்கும். கரையில் இருந்தாலும் முன்பு வாசல் மணலில் படுத்துக்கொள்வார்கள். அந்த மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்.

விம்கோ நகரில் கட்டிக்கொடுத்த மகள் சினேகாவுக்குத் தலைப்பிரசவம். அம்மா வீட்டில்தான் பார்க்க வேண்டும். வளைகாப்பு முடித்து அழைத்து வந்தார்கள். ஆனால் அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கடலுக்குப் போகவில்லை. ஆண்கள் எல்லோரும் வீட்டில்.

அரிசி மூட்டையையும் தண்ணீர் டிரம்மையும் வெளியே தள்ளிவிட்டு அத்தை பாய் விரித்தாள்.

"கால நீட்டிப் படுத்துக்கோம்மா."

"நீட்டினா அண்ணன் மூஞ்சில இடிக்குது." சினேகா சிரித்தாள். "புள்ளைய எங்க போடுவ, பரண்லயா?"

"தூளி கட்டிக்கலாம்டி."

"அண்ணி புள்ள தூளி அங்க கீது. இன்னொண்ண ஃபேன்ல கட்டுவியா?"

"தடை முடிஞ்சா இவனுங்க போய்டுவானுங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"உன் பேரனும் தடை முடியிற வரைக்கும் உள்ளயே குந்திகினு இருப்பானா இன்னா?"

வாசலில் நின்றிருந்த மாமா, எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார். "ஜனம் ஜாஸ்தியாப் பூட்ச்சு. பூமி எவ்ளோதான் தாங்கும்? நீ படிச்சவன், சொல்லு நைனா."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சாலைக்கு எதிர்ப்புறம் வேலிக்குள் துறைமுகத்துக் காலி கன்டெய்னர்கள் அடுக்கடுக்காக நின்றன. அவற்றுக்கு அவ்வளவு இடம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன? அத்தைக்கு ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்துவிடுமா? ஜனம் அதிகமா, இல்லை நிலம்தான் வேறு எதற்கோ போய்விட்டதா? இரண்டுமா? "தெரியல மாமா" என்றேன்.

மூன்றாம் நாள் காலை சினேகாவின் கால்கள் வீங்கியிருந்தன. பையை அவளே கட்டினாள்.

"நான் எங்க வூட்டுக்கே போறேம்மா."

"உங்க மாமியா காறித் துப்புவாடி."

"துப்பட்டும். அங்க கால நீட்டலாம்."

ஆட்டோ வந்தது. பையை இறுக்கிப் பிடித்திருந்த அத்தை, கடைசியில் தானே அதை உள்ளே வைத்தாள்.

ஆட்டோ கிளம்பியதும் மருமகள் டிரம்மையும் மூட்டையையும் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"கொஞ்ச நேரம் அந்த எடத்த அப்டியே வுட்டா இன்னாவாம்?" என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல்.