அக்கா தப்பாகப் பாடிய வருஷம்

எட்டு வயதில், பாட்டுச் சாதகம் என்றாலே நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். தொண்ணூறுகளின் தொடக்கம். வெளிமாநிலத்தில், கட்கியில், அப்பா வேலை பார்த்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அக்காவும் பஸ் பிடித்து நகரத்துக்குள் ராஸ்தா பேட்டில் இருந்த பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போவோம். மற்ற ஆறு நாளும் காலையில் சாதகம். பதினாலு வயது அக்கா கீர்த்தனைக்குப் போய்விட்டாள். நான் ஒரு வருஷமாக முதல் பாடமான சரளி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் அக்கா சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, "நான் பாடுறேன், நீ தப்பு கண்டுபிடி. கண்டுபிடிச்சா நான் அவுட்" என்றாள். ஸ்வரங்களில் இறங்கி வரும்போது தைவதத்தை விட்டுவிட்டாள்.

"தப்பு!" என்று கட்டிலுக்கு அடியிலிருந்தே கத்தினேன்.

"அப்போ சரியா எப்படி? பாடிக் காட்டு."

வெளியே வந்து பாடிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு யாரும் எழுப்பாமலே எழுந்தேன். முதலில் ஸ்வரத்தையே முழுங்கிக்கொண்டிருந்த அக்கா, மாதம் போகப்போக ரிஷபத்தை ஒரே ஒரு இழை மட்டும் தூக்கித் தப்பாகப் பாடினாள். நான் எதையும் விடவில்லை. அக்காவுக்கு ஞானம் கம்மி என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

நவராத்திரிக்கு டீச்சர் வீட்டுக் கொலுவில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்க, டீச்சர் அக்காவைப் பாடச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், அவளுக்குச் சரளியே சரியா வராது. தினமும் நான்தான் திருத்துறேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கே, சரளியை மூணு காலத்திலயும் பாடு" என்றார் டீச்சர். பாடினாள். மூன்று வேகத்திலும் தப்பென்று சொல்ல ஒரு இடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. வந்திருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். "நீ சீட்டிங் பண்ணிட்டே. இனிமே நான் க்ளாஸுக்கே வரமாட்டேன்."

மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. சமையலறையில் அம்மா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வரலேன்னா விடு, கட்டாயப்படுத்தாதே. ஆனா உன்னைத் தனியா அவ்ளோ தூரம் பஸ்ல அனுப்ப மாட்டேன். ரெண்டு பேருக்குமே நிறுத்திடலாம்."

அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அக்கா வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பாடத் தொடங்கினாள். காந்தாரம் வரை வந்து, மத்தியமம் இல்லாமல் பஞ்சமத்துக்குத் தாவினாள். நான் திரும்பிப் படுத்தேன். மறுபடி அதே தப்பு. மறுபடியும். நாலாவது தடவை எனக்குத் தாங்கவில்லை. எழுந்து உட்கார்ந்து மத்தியமத்தைச் சேர்த்துப் பாடினேன்.

"அவுட்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தோற்றுப்போனதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன். அம்மா சொன்னது என் காதிலும்தான் விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்கும் என்பது மட்டும்தான் அதில் எனக்குப் புரிந்திருந்தது.