கடலூரில் வெந்நீர் விற்ற வருஷம்

எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்து, விழுகிற தண்ணீரில் புறங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இந்தத் தண்ணியில கோழி றெக்க கூட புடுங்க முடியாது மாப்ள." சொல்லிவிட்டுக் குழாயை இறுக்கி மூடினார். வெளியே ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளையைக் குளிப்பாட்ட தேவனாம்பட்டினத்திலிருந்து வந்தவர் அந்த அம்மா. தெருவில் எல்லோருக்கும் ஆயாம்மா. மாப்ள என்று அவர் கூப்பிட்டது என் அக்கா புருஷனை, என் மாமாவை. ஊருக்கே சோலாரில் வெந்நீர் விற்கக் கிளம்பிய மனிதர், சொந்தப் பிள்ளைக்கு வெந்நீர் இல்லாமல் பின்பக்கம் போய் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். புகையில் அவர் கண் சிவந்திருந்தது. புகையால் மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் நடந்தது இது. மாமா மஸ்கட்டில் பைப் ஃபிட்டர். கூட வேலை பார்த்த பெங்களூர்க்காரன் ஒருவன், எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறது, அதை மாட்டிக் கொடுத்தே என் தம்பி பெரிய ஆளாகிவிட்டான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். ஆனி மாதம் லீவில் வந்தவர் நேராகக் கோயம்புத்தூர் போய் ஒரு கம்பெனியில் டீலர்ஷிப் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரூம் பிடித்து போர்டு மாட்டினார். நான் அப்போது கேபிள் டிவிக்கு லைன் இழுத்துக்கொண்டிருந்தேன். கடலூரில் எந்த வீட்டு மொட்டை மாடிக்கு எந்தப் பக்கம் படி என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு தகுதிக்காக என்னையும் வேலையை விடச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். பெங்களூர் குளிர்கிற ஊர். கடலூரில் பிறந்து, சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்ட நடந்த இரண்டு தடிமாடுகளுக்கு அது தோன்றவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

ஆனியும் ஆடியும் கதவு கதவாகத் தட்டினோம். மஞ்சக்குப்பத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் எங்களை உட்கார வைத்து, நோட்டீஸை முழுசாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "எங்க டேங்க்குலயே வெந்நிதான் தம்பி வருது. ஜில்லுன்னு தண்ணி வர்ற மாதிரி ஏதாச்சும் இருந்தா சொல்லு, இப்பவே வாங்கிக்கிறேன்." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் வீட்டுக் குழாயில் நானே கை கழுவினேன், சுட்டது. தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். சோலார் என்றதும் சில வீடுகளில் ஆசையாக ஓடி வருவார்கள். இதில் ஃபேன் ஓடுமா, மிக்ஸி ஓடுமா என்று கேட்பார்கள். ஓடாது, வெந்நீர் மட்டும்தான் என்றால் அவர்கள் முகத்தில் தெரியும் எரிச்சலைப் பார்க்க வேண்டும். ஏதோ நாங்கள்தான் அவர்கள் கரண்டைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி. மிச்சம் பேர் கேட்டது ஒரே கேள்வி, யார் வீட்டில் போட்டிருக்கிறீர்கள்? யார் வீட்டிலும் போடவில்லை. அதனால் எங்கள் வீட்டு மாடியிலேயே ஒன்றை மாட்டினோம். வந்தார்கள், கண்ணாடிக் குழாய்களை எட்டிப் பார்த்தார்கள், அம்மா போட்ட காப்பியைக் குடித்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

மாமாவின் விசா கணக்கு ஒன்று இருந்தது. ஆறு மாதத்துக்குள் திரும்பி நுழையாவிட்டால் ரத்தாகிவிடும். கார்த்திகையோடு தவணை முடிகிறது. வியாபாரம் பிடித்தால் இருப்பார், இல்லாவிட்டால் போவார். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் ஆகி நாலு வருஷத்தில் அக்கா அவரோடு இருந்தது லீவு நாட்கள் மட்டும்தான். பொங்கலுக்கு அவர் வந்து போனதில் உண்டான பிள்ளை அப்போது அவள் வயிற்றில். நாங்கள் சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது வாசலில் நின்று எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்ப்பாள். ஒரு நாள் மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் மட்டும் சொன்னாள்: "எங்கயாவது புடிச்சி நாலு வூட்டுல மாட்ட வைடா. மனுஷன் இங்கயே இருந்துடுவாரு." அதற்குப் பிறகு எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. இன்றைக்கும் யாரும் வாங்க மாட்டார்கள் என்று தினமும் காலையில் எழும்போதே தெரிந்துவிடும்.

புரட்டாசியில் ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். மார்கழி திருவாதிரைக்குக் கூட்டம் வரும், விடியற்காலையில் எல்லோருக்கும் வெந்நீர் வேண்டும், மாடி முழுக்க மாட்டலாம் என்றார். எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கிற நேரத்தில், மழை நாளில் சுடுமா என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டார். கம்பெனிக்காரன் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான், மேகமூட்டத்திலும் வேலை செய்யும் என்று சொல்லுங்கள் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொல்லிவிட்டார்: "வராது சார். ரெண்டு நாள் வெயில் இல்லன்னா பச்சத் தண்ணிதான்." லாட்ஜ்காரர் எங்களை வழியனுப்பி வைத்தார். கடலூர் பஸ்ஸில் புவனகிரி தாண்டுகிற வரை நான் மாமாவைத் திட்டினேன். மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மார்கழியில மேகம் போட்டுச்சின்னா அவரு லாட்ஜ்ல முப்பது பேரு சோப்பப் போட்டுக்கிட்டு நிப்பான்டா. நீ போயி பதில் சொல்லுவியா?" அந்த லாட்ஜ்காரர் வேறு ஒருவனிடம் வாங்கி மாட்டினார். அவன் என்ன சொல்லி விற்றிருப்பான் என்று எனக்குத் தெரியும். மாமா செய்தது சரி என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், அவளிடம் என்ன சொல்வது?

ஐப்பசியில் பிள்ளை பிறந்தது. ஆயாம்மா வந்தார். முன்பு கூடையில் மீன் விற்றவர். தலைச்சுமையில் தோள் போய்விட்டதால் பிள்ளை குளிப்பாட்டுகிற வேலைக்கு வந்தவர். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று முறை வைத்துப் போவார். எங்கள் வீட்டு முறை உச்சி வேளை. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கணுக்காலுக்கு மேலே குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, இடது கையால் தாங்கி வலது கையால் சொம்பில் மொண்டு ஊற்றுவார். பிள்ளை வீல் என்று கத்தினால் அதைவிடச் சத்தமாக இவர் திட்டுவார். கோழி றெக்கை என்று அவர் சொன்னதற்கு இரண்டு நாள் கழித்து மழை விட்டு வெயில் வந்தது. அடுப்பு மூட்ட வேண்டாம், குழாயில் பாருங்கள் என்று மாமா சொல்ல, ஆயாம்மா அலட்சியமாகக் குழாயைத் திறந்து கையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டார். "புள்ளைய வேவ வைக்கவா இத மாட்டி வச்சிருக்குற?" வாளியில் பச்சைத் தண்ணீரை விட்டு விளாவினார். அன்றைக்கு அண்டாவைத் தூக்காமல், புகையில் கண்ணைக் கசக்காமல், பிள்ளைக்கும் அக்காவுக்கும் ஊற்றிவிட்டு எழுந்தார். போகும்போது மாடிப்படி ஏறிப்போய் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருஷம் முழுக்க வெந்நீர் வேண்டும். சித்திரையிலும் வேண்டும். அதுவும் வெயில் ஏறின பிறகு, உச்சி வேளையில் வேண்டும். எங்கள் சரக்கு கொடுப்பதும் அப்போதுதான். விடியற்காலையில் குளிக்கிற லாட்ஜுகளைத் தேடி அலைந்த எங்களுக்கு இது உறைக்கவே இல்லை. ஆயாம்மாவும் எங்களுக்காக இதை யோசித்துச் செய்யவில்லை. அவருக்குத் தோள் வலி. அவ்வளவுதான். போகிற வீட்டில் எல்லாம், அண்டா தூக்க என்னால் ஆகாது, குழாயில் வெந்நீர் வருகிற மாதிரி வையுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் பாருங்கள் என்று சண்டை போட ஆரம்பித்தார். பிள்ளை பெற்ற வீட்டில் மாமியார் பேச்சு எடுபடாமல் போகலாம், குளிப்பாட்டுகிறவர் பேச்சு எடுபடும். மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் வீட்டம்மா, மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். ஆயாம்மா சொன்ன பதிலை அந்த அம்மாவே பிறகு எங்களிடம் சொல்லிச் சிரித்தார். "மழ பேஞ்சா வராதும்மா. அன்னைக்கு அடுப்ப மூட்டு. வெயில் அடிக்குற நாள்ல என்னாத்துக்குப் பொகையில வேவுற?" லாட்ஜில் மாமா சொன்னதும் இதேதான். அங்கே வெளியே அனுப்பினார்கள், இங்கே மாட்டச் சொன்னார்கள். வக்கீல் வீட்டுக்குப் பிறகு புதுப்பாளையத்தில் ஒரு வீடு. தாய் வீட்டில் பிள்ளை பெற்றிருந்த வக்கீல் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்குப் புருஷன் வீட்டுக்குப் போனதும், அங்கேயும் வேண்டும் என்று அடம்பிடித்து மூன்றாவது.

மூன்று வீடு. கார்த்திகை பிறந்துவிட்டது. மாமா ஒரு நாள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தார். மூன்று வீட்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அக்கா அவர் சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையையே திரும்பத் திரும்பப் பிரித்து மடித்தாள். ஆயாம்மா பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தவர், பெட்டியைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். மாமா சொன்னார். ஆயாம்மா பிள்ளையை அக்கா மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"போறவன் எதுக்கு மூணு வூட்டு மாடியில பைப்ப மாட்டுன? ஒழுவுச்சின்னா யாரக் கேப்பாங்க? உன்னையா? நீ எந்தச் சீமையில இருப்பியோ. என்னத்தான் வாசல்ல நிக்க வச்சிக் கேப்பாங்க."

மாமா என்னைக் காட்டி, அதான் இவன் இருக்கிறானே என்றார். ஆயாம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவனா? இவனுக்குக் கோவந்தான் வரும். வேல வருமா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு எரிந்தது. ஆனால் ஆயாம்மா சொன்னதில் தப்பில்லை. எனக்கு ஒயர் தெரியும், பைப் தெரியாது. மாமா பெட்டியை மூடவும் இல்லை, பரணில் ஏற்றவும் இல்லை. போக வேண்டிய நாள் வரைக்கும் அது கூடத்திலேயே திறந்து கிடந்தது. எல்லோரும் தாண்டித் தாண்டி நடந்தோம். அந்த நாளும் வந்தது. மாமா எழுந்து, பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டுவிட்டுப் பிள்ளை பக்கத்தில் படுத்துக்கொண்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் கிளம்பிவிடுவாரோ என்று பயம்.

இன்றைக்கு இந்த ஊரில் சோலார் விற்பது பெரிய காரியமில்லை. அடுத்த சில வருஷங்களில் கரண்ட் போன போக்கில் ஜனங்களே கடை தேடி வந்தார்கள். இப்போது போனில் படம் அனுப்புகிறார்கள், விலை கேட்கிறார்கள், நாங்கள் ஆள் அனுப்பி மாட்டுகிறோம். வாங்குகிறவர் முகம்கூட எனக்கு ஞாபகம் இருப்பதில்லை. ஆயாம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அந்த மூன்று வீட்டை மட்டும் மறக்க முடியவில்லை.

ஏனென்றால் விசா தவணை முடிந்த அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து நாள் சூரியனையே காணோம். இனி மஸ்கட்டும் இல்லை, இங்கேயும் ஒன்றும் நிற்கவில்லை என்று நான் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது, மாமா எடுத்தார். வக்கீல் வீடு. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி வருகிறது, என்னய்யா மாட்டிவிட்டுப் போனாய் என்று ஒரு பிடி பிடித்தார்கள். அடுத்து புதுப்பாளையம். அதற்கடுத்து சிதம்பரத்திலிருந்து வக்கீல் மகளின் மாமியார், அவர் போட்ட சத்தம் போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. ஆயாம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொன்னதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்க எனக்குக் கை துடித்தது. மாமா கொடுக்கவில்லை. ஆமாங்க, ஆமாங்க, வெயில் வந்தா வந்துரும்ங்க என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு.

"என்னா மாமா சிரிக்கிறீங்க?"

"திட்டுறதுக்கு மூணு வூடு இருக்குடா நமக்கு."

குடையை எடுத்துக்கொண்டு அந்த மழையிலேயே சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். அங்கே போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. வெயில் இல்லை, அவ்வளவுதான் கோளாறு. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் போனார்.