அக்கா திருடித் தின்னவில்லை

அக்காவின் கால்விரலில் மெட்டி இறுகிப்போய், சோப்பு நுரை போட்டும் கழலாமல் போன அந்தக் காலைப்பொழுதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பாதம் முழுவதும் வீங்கியிருந்தது. நாலு படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

எங்கள் இருவருக்குமே நாற்பதை ஒட்டிச் சர்க்கரை நோய் வந்தது. எங்களுடையது திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் வழக்கத்தைக் காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு நான் விட்டுவிட்டேன். ஊரிலேயே இருந்த அக்கா விடவில்லை. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறியதில்லை. கல்யாணப் பந்தியில் இலையில் விழும் ஜாங்கிரியை என் பக்கம் தள்ளிவிடுவாள். நான் அதையும் சேர்த்துத் தின்பேன். ஆனாலும் இதயம் பலவீனப்பட்டது அவளுக்குத்தான்.

நகை செய்யும் பத்தரை வரவழைத்து மெட்டியை அறுத்தெடுத்த அன்று அவளிடம் கேட்டேன்: "உண்மைய சொல்லுக்கா. யாருக்கும் தெரியாம இனிப்பு தின்னுக்கினுதானே இருக்கே?"

அவள் அறுந்த மெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் தட்டைக் கூடத்துக்கு எடுத்து வந்து, எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்து சாப்பிட்டாள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

இதய மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். அவர் அக்காவைக் கண்டிக்க வேண்டும் என்றுதான் உள்ளூர நினைத்தேன். அவரோ பழைய பரிசோதனைத் தாள்களையெல்லாம் புரட்டிவிட்டு, இவ்வளவு கட்டுப்பாடாக இருப்பவர்களை அதிகம் பார்த்ததில்லை என்றார். சர்க்கரை எல்லோருடைய இதயத்தையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லையாம். இதயச் செல்களுக்குள் இருக்கும் மரபணுக்கள் சிலருக்கு அந்தப் பாதிப்பைத் தாங்கத் துணைநிற்கும், சிலருக்கு நிற்காது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள்ளும் அது மாறும். ஏன் என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றார்.

அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்ப நான் தப்பு எதுவும் பண்ணலியே, டாக்டர்?"

"இல்லம்மா."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவளைச் சந்தேகப்பட்டது என் தப்பு என்பதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

இப்போது அவள் மகளுக்கும் சர்க்கரை வந்திருக்கிறது. போன வாரம் அவளுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க இருவரும் காத்திருந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே, "நான் சரியாத்தான் சாப்பிட்டுக்கினு இருக்கேன், சித்தி," என்றாள்.

"தெரியும்மா. உங்கம்மாவும் சரியாத்தான் சாப்பிட்டா."

அதைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.