நாற்பத்தொரு நோய்க்காரி

லுஸ் டாரி மருலாந்தாவுக்கு ஒன்பது வருடத்தில் நாற்பத்தொரு நோய் வந்திருந்தது. பித்தப்பைக் கல், ஒற்றைத் தலைவலி, மூன்று விதமான மாரடைப்பு, ஒருமுறை காசநோய். ஒன்றும் நிஜமில்லை. நிஜத்தில் அவருக்கு இருந்தது குதிகால் வலி மட்டும்தான். மலைமேல் இருக்கும் எங்கள் மனிசாலெஸ் நகரத்தில் ஏற்றம் இறக்கம் இல்லாத தெருவே கிடையாது என்பதால் அதை நாங்கள் யாரும் நோயில் சேர்ப்பதில்லை.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் நிஜ நோயாளியைத் தொடுவதற்கு முன் நோயாளியாக நடிப்பவர்களிடம் பழகுவார்கள். அப்படி நடிக்க ஆள் பிடிப்பது, அவர்களுக்குக் கதை சொல்லிக் கொடுப்பது, தேர்வு நாளில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மார்க் போடுவது, இதெல்லாம் என் பொறுப்பு. என் பெயர் ருபியெல் ஒகாம்போ, நர்ஸ். இங்கே நர்ஸைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்தவர்கள் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

லுஸ் டாரி வீடு வீடாகப் போய் நகம் வெட்டி, தேய்த்து, சாயம் பூசிவிடுபவர். கல்லூரி அலுவலகத்துப் பெண்களுக்காக மாதம் ஒருமுறை எங்கள் கட்டடத்துக்கும் வருவார். ஒரு தேர்வு நாளில் மண்சரிவால் பஸ் நின்றுபோய், எங்கள் ஆஸ்துமாக்காரர் வந்து சேரவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றவன் கண்ணில் இவர் பட்டார்.

"அம்மா, மூச்சு விடக் கஷ்டப்படுற மாதிரி கொஞ்ச நேரம் உக்கார முடியுமா? பசங்களுக்குப் பரீட்சை."

"எந்த மாதிரி கஷ்டம்? மேடு ஏறி வந்த மூச்சா, உள்ளயே போகாத மூச்சா?"

இருபது வருடமாக டாக்டர்களோடு இருக்கிறேன். ஒருத்தர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கே அவரைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

அவர் எப்படி நடிக்கிறார் என்பது எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. மற்றவர்கள் வலி என்றால் முகத்தைச் சுளித்து 'ஐயோ அம்மா' என்பார்கள். இவர் அப்படி எதுவும் செய்வதில்லை. ஆனாலும் மாணவர்கள் பதறிப் போவார்கள். ஒருத்தன் போலி மாரடைப்பு என்பதை மறந்து, ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லி வெளியே ஓடியிருக்கிறான். கடைசியில் வாய்விட்டே கேட்டேன்.

"அதுல ஒண்ணும் இல்ல தலைவரே. நகம் பூசுறப்ப மணிக்கணக்கா ஒருத்தர் கையைப் பிடிச்சுட்டு இருக்கேன். சும்மா இருக்க முடியுமா, கேப்பேன். எங்க வலிச்சுதுன்னு கேக்க மாட்டேன். அதை எல்லாரும் கேக்கிறாங்க. வலி வந்தப்ப மொதல்ல கையில இருந்த எதைக் கீழ வச்சீங்கன்னு கேப்பேன்."

பித்தப்பைக் கல்லுக்காரி கரண்டியை வைத்தாளாம். தலைவலிக்காரர் சாவியை. கருக்கலைந்த ஒரு பெண் எதையும் வைக்கவில்லை, காய்கறிக் கூடையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாளாம். லுஸ் டாரி அறைக்குள் உட்கார்ந்து கைப்பையை மெல்லத் தரையில் வைப்பார், அவ்வளவுதான். எதிரே இருப்பவன் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துக்கொள்வான்.

தேர்வு நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு அறை, பன்னிரண்டு மாணவர்கள், அறைக்கு எட்டு நிமிடம். மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அடுத்த அறைக்கு நகர வேண்டும். ஒருவன் நின்றால் பன்னிரண்டு பேரும் நிற்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால், உள்ளே பேசுவது கேட்கும் இடத்தில், என் மடியில் இருபது கட்டமுள்ள தாள் இருக்கும். கை கழுவினானா, பெயர் சொன்னானா, கண்ணைப் பார்த்துப் பேசினானா. பரிவுக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்த ஒரு மார்க்குக்காக எல்லோரும் ஒரே வாக்கியத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வார்கள்: 'உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது.'

"இன்னிக்குக் காலையில இருந்து பதினோரு பேருக்கு என்னைப் புரிஞ்சு போச்சு," என்று லுஸ் டாரி இடைவேளையில் சொல்வார். "வீட்ல ஒருத்தருக்கு இருபது வருஷமா புரியல."

அந்த வருடம் மாணவர்களின் மனநலத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கல்லூரிக்கே ஞானோதயம் வந்திருந்தது. வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாயில் படுத்து மூச்சை இழுத்துவிட வேண்டும். வருகைப் பதிவு கட்டாயம். மூன்று முறை வராவிட்டால் தேர்வு எழுத முடியாது. பிள்ளைகள் சாப்பாட்டை விட்டுவிட்டு, காலி வயிற்றோடு நிம்மதியைப் பழகினார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் வருகைத் தாளில் கையெழுத்து வாங்கியவனும் நான்தான்.

அந்த நவம்பர் தேர்வில் லுஸ் டாரிக்குக் கொடுத்தது நாற்பத்தொன்றாவது நோய், மனச்சோர்வு. கடையை மூடிவிட்ட பெண், மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று மாணவன் நேராகக் கேட்டால் மட்டும், 'சில நாள் அப்படியே எந்திரிக்காம போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணுது' என்று சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் சொல்லக் கூடாது.

பத்தரை மணி தாண்டி ஹெய்னெர் கிண்டேரோ உள்ளே வந்தான். நான்காம் வருடம், அகுவாதாஸ் ஊர்க்காரன். பெற்றோர் இல்லை, ரொட்டிக்கடை வைத்திருக்கும் அக்காதான் படிக்கவைக்கிறாள். அமைதியான பையன். கை கழுவினான், பெயர் சொன்னான், எல்லாம் ஒழுங்காகக் கேட்டான். நானும் சரி, சரி என்று குறித்துக்கொண்டே வந்தேன். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டான்.

லுஸ் டாரி சொல்ல வேண்டியதைச் சொன்னார். "சில நாள் அப்படியே எந்திரிக்காம போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணுது, டாக்டர்."

அவன் பாதி வரி எழுதியிருந்தான். பேனாவைக் கீழே வைத்தான்.

"எனக்கும்தாம்மா," என்றான்.

அதற்குப் பிறகு பேனாவை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். பசிக்கிறதா, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள். கடைசியில் அந்தப் பரிவு வாக்கியத்தையும் தப்பில்லாமல் சொன்னான்.

என் தாளில் பதினாலாவது கட்டம், 'தன் சொந்த விஷயத்தை நோயாளியிடம் பேசாமல் இருந்தார்.' அந்த மார்க் கிடையாது என்று அதில் நான் குறுக்குக் கோடு போட்டேன்.

மணி அடித்தது. ஹெய்னெர் எழுந்தான். லுஸ் டாரி மேசைக்கு மேலே கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, உக்காரு."

தேர்வு நடக்கும்போது அவர் மாணவனை 'டாக்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் வாய் தவறியதில்லை.

"மணி அடிச்சாச்சும்மா."

"அடிக்கட்டும். இப்ப நான் கேக்கிறேன், நீ சொல்லு. சாப்டு எத்தனை நாளாச்சு?"

வெளியே அடுத்த மாணவி கதவைத் தட்டினாள். அவளுக்குப் பின்னால் வராந்தாவில் கதவுக்கு ஒருவராக நின்றார்கள். கண்ணாடி அறையைவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தேன்.

"என்ன பண்றீங்க? எல்லாரும் நிக்கிறாங்க. கதையை விட்டு வெளிய வரக்கூடாது."

"கதை முடிஞ்சுது தலைவரே. ஊர்ல அக்கா இருக்காங்கன்னு சொல்றான், அவங்களுக்கு போன் போடணும். நம்பர் இவன் சொல்வான்."

ஹெய்னெர் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பிடித்திருந்த அவர் கையையே பார்த்துக்கொண்டு அழுதான். சத்தமே இல்லை. அவனுடைய நகங்கள் சதை தெரியுமளவுக்குக் கடிக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

தேர்வு நின்றது. லுஸ் டாரி அவனைக் கையோடு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போய், வரிசையில் கூடவே உட்கார்ந்து, சாயங்காலம் அக்கா வந்து இறங்கும்வரை நகரவில்லை. அன்று அவருக்காக நான்கு வீட்டில் நகத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்களாம்.

மறுநாள் தேர்வுக் குழுவின் தலைவி டாக்டர் எச்செவெரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் விதி என்றால் விதி. மூன்று சுற்றும் சேர்த்து முப்பத்தாறு பிள்ளைகளுக்கு மறுபடி தேர்வு வைக்க வேண்டும், பெற்றோர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள். அந்த அறையில் ஒலிப்பதிவும் கிடையாது.

"எதுக்காக நிறுத்துனீங்க? அந்தப் பையன் என்ன சொன்னான்?"

"அதை நான் சொல்ல மாட்டேன் டாக்டர்."

"சொல்லலைன்னா பட்டியல்ல இருந்து பேரை எடுக்கிறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை. உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது. ஆனா ஒருத்தர் நம்மகிட்ட சொன்னதை வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதான பசங்களுக்குச் சொல்லித் தர்றீங்க?"

"அது டாக்டருக்கு. நீங்க நோயாளி."

"பத்தே முக்கால் வரைக்கும்தான் நான் நோயாளி, டாக்டர். அதுக்கப்புறம் இல்ல."

தேர்வுத் தாள் இருந்த உறை என் மடியில் இருந்தது. அதை வெளியே எடுத்தால் முதல் கேள்வி என்னைப் பார்த்துத்தான் வரும். எடுக்காவிட்டால் இந்த அம்மாள் வேலையை விட்டுப் போவார், வருத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் வேறு ஆள் தேடுவேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு எடுத்து மேசையில் வைத்தேன்.

"அவன் என்ன சொன்னான்னு நானும் சொல்லப் போறதில்ல டாக்டர். ஆனா எனக்கும் கேட்டுச்சு. கேட்டுட்டு, இதைப் போட்டேன்."

டாக்டர் எச்செவெரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் விரல் காட்டிய பதினாலாவது கட்டத்தைப் படித்தார். மறுபடி படித்தார். அது எந்த அறையின் தாள் என்று மேலே பார்த்தார்: மனச்சோர்வு. அவர் முகம் மாறிவிட்டது.

"இப்ப எங்க இருக்கான்?"

"அக்கா கூட ஊர்ல," என்றார் லுஸ் டாரி. "மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. திங்கக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. நானும் போவேன்."

பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும் பேச்சு அதோடு நின்றது. ஹெய்னெர் ஒரு வருடம் விடுப்பு எடுத்தான். இப்போது ஐந்தாம் வருடம் படிக்கிறான். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான், என்னைப் பார்த்தால் தலையசைப்பான். கல்லூரியும் சாப்பாட்டு நேரத்துப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டது. இதையெல்லாம் கேட்பவர்கள், நான் அன்று தாளை எடுத்து வைத்ததைப் பெரிதாகப் பேசுவார்கள். நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் எண்ணிக்கொண்டு, அந்த அறையைவிட்டு நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தேன். லுஸ் டாரி நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

படிக்கட்டில் பாதி இறங்கியதும் அவர் நின்றார். கோபமாக இருப்பார் என்று பார்த்தால், கோபம் இல்லை. நோயைப் பற்றிக் கேட்கும்போது வருமே, அதே ஆர்வம்தான் முகத்தில் இருந்தது.

"தலைவரே, ஒண்ணு கேக்கவா? உங்களுக்குக் கேட்டுச்சுன்னு சொன்னீங்களே. நான் கையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இருந்துச்சு. அந்த ரெண்டு நிமிஷம் உங்களுக்கு என்ன தோணுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அதிர்ச்சியில் கை கால் ஓடவில்லை, அவன் சும்மா சொல்கிறான் என்று நினைத்தேன், எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்படிக் கேட்பவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நல்லாப் பண்ணிட்டு இருந்தான், அநியாயமா ஒரு மார்க் போச்சேன்னு வருத்தப்பட்டேன்."

"வேற ஒண்ணும் தோணலையா?"

"இல்ல."

லுஸ் டாரி கைப்பிடியைப் பற்றியபடி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே வாசலில் முதல் வருடப் பிள்ளைகள் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் கை ஜில்லுனு இருந்துச்சு," என்றார். "அது உங்களுக்குக் கண்ணாடி வழியா தெரியாது. அதை நான் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அவன் சொன்னது கேட்டுச்சு, இல்ல?"

"கேட்டுச்சு," என்றேன்.