கோட்டுக்கு முன்னால் பிடித்த பிரேக்

பெங்களூரில் நான் ஓட்டும், இருவர் இருவராக நேர்கோட்டில் பாயும் அமெச்சூர் டிராக் ரேஸில், குறைந்த செலவுப் பிரிவுக்குப் பதினைந்து விநாடி வரம்பு. வேகமான வண்டிகள் இதில் புகுந்துவிடக் கூடாது என்பதால், அதைவிடச் சீக்கிரம் கோட்டைக் கடந்தால் தோல்வி. ஜீவனஹள்ளி மெக்கானிக் முனிராஜ் என் பழைய பைக்கைப் பதினான்கு விநாடியில் ஓடும்படி மாற்றிவிட்டார்.

“முன்னாடி போயிடு குரு, கடைசியில பிரேக் புடிச்சு டைமைப் பதினஞ்சாக்கிடு. யாருக்குத் தெரியப்போவுது?” என்றார், எல்லோரையும் ‘குரு’ என்றே கூப்பிடும் அவர்.

நானும் அப்படியே செய்தேன். கோட்டருகே பின்சக்கரம் வழுக்கி, பைக் பக்கத்துத் தடத்துக்குள் பாய்ந்தது. அதில் எனக்குப் போட்டியாக ஓட்டி வந்த ஷாலினி மயிரிழையில் தப்பினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தடத்தோரம் உட்கார்ந்துவிட்டார்.

முனிராஜ் என் காதருகே, “அவங்கதான் நம்ம லைனுக்கு வந்தாங்கன்னு சொல்லிடு” என்றார்.

பைக்கை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். நடுவரிடம் உண்மையைச் சொல்லி ஒரு வருடத் தடையை வாங்கிக்கொண்டேன்.

தடை முடிந்து, இப்போது நேர வரம்பில்லாத வேகப் பிரிவில்தான் பெயர் கொடுக்கிறேன். பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுகிறேன்.