சராசரி நாலாயிரம்

வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த இன்பசேகரனுக்கு, ஞாயிறு ஆராதனையைவிட அது முடிந்த பிறகு கோயில் வாசலில் கிடைக்கும் அரைமணி நேரம்தான் முக்கியம். யார் பிள்ளை எந்தக் கல்லூரியில் படித்தான், வெளியே வந்ததும் எவ்வளவு சம்பளம் என்று ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிப்பார். பிள்ளை சுமாராகப் படித்த வீட்டுக்காரர்கள் பக்கத்துக் கதவு வழியாக வெளியேறப் பழகியிருந்தார்கள். ஆளை எடைபோட வேண்டியதில்லை, கல்லூரியை எடைபோட்டால் போதும் என்பது அவர் கட்சி.

உலகத்தில் அவர் சம்பளம் கேட்காத ஒரே ஆள் மகள் கிருபா. உள்ளூரில் பி.ஏ. முடித்து, தானாக ஜெர்மன் படித்து, ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஜெர்மன்காரர்களோடு பேசி ஆர்டர் பிடிக்கும் வேலை பார்த்தாள். தினமும் காட்பாடியிலிருந்து ரயிலில் போய் வருவாள். பெண்பிள்ளை சம்பளம் பூவுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகிவிடும் என்று கேட்காமலே முடிவு செய்திருந்தார்.

வில்சன் என்ற பையன் பெண் பார்க்க வந்தான். தங்கமானவன். ஆனால் படித்த கல்லூரியின் பெயரைச் சொன்னபோது, அது எந்த ஊரில் இருக்கிறது என்று இன்பசேகரன் கேட்க வேண்டியதாயிற்று. டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை அவருக்காகவே அச்சடித்ததுபோல் வந்தது. நாட்டின் பெரிய கல்லூரிகளை வரிசையாக நிறுத்தி, படித்து வெளியே வந்தவர்களின் மாதச் சம்பளத்தை ஒப்பிட்டிருந்தார்கள். வடக்கே இருந்த ஒரு பொறியியல் கல்லூரிக்குச் சராசரி நாலாயிரம். அவருக்குக் கண் கலங்கியது. அடுத்த மாதமே அரக்கோணத்தில் அந்தக் கல்லூரியில் படித்த பையன் ஒருவன் இருப்பதாகத் தெரிந்ததும், பிரார்த்தனை கேட்கப்பட்டது என்றே நம்பினார்.

அந்தப் பையன் தேவானந்தம். ராணிப்பேட்டையில் வேலை. அம்மாவோடு வந்து அடக்கமாக உட்கார்ந்தான்.

"தம்பி, உங்க காலேஜ்ல சராசரி நாலாயிரமாமே?"

"ஆமா சார், பத்திரிகைல போட்டிருந்தாங்க."

"உங்களுக்கு அதுக்கு மேலயா, கொஞ்சம் கம்மியா?"

"கம்மிதான் சார். ஆயிரத்து நூறு."

இன்பசேகரன் கையிலிருந்த கேசரித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எங்க செட்ல கொஞ்சம் பேரு அமெரிக்கா போய்ட்டாங்க. அவங்க டாலரை ரூபாயா மாத்தி, எங்களோட சேத்துக் கூட்டி வகுத்துட்டாங்க."

வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குச் சராசரி நடத்தி, தப்பாகப் போட்டவர்களைப் பெஞ்சுமேல் ஏற்றியவர் அவர். பையனை எப்படி நாசூக்காக அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கிருபா உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"நாலாயிரம்னே சொல்லிட்டுப் போயிருக்கலாமே?" என்று பையனிடமே கேட்டாள்.

"மளிகைக் கடைல சராசரி செல்லாதுங்க."

கிருபா சிரித்துவிட்டாள். "எனக்கு ஆயிரத்து முந்நூறு. பரவாயில்லையா?"

"ரெண்டையும் கூட்டி வகுத்தா எனக்கு நூறு ரூபா லாபம்," என்றான் அவன்.

இன்பசேகரன் மனைவி பக்கம் திரும்பினார். "இன்னா சௌந்தரம் இது? ஆயிரத்து முந்நூறா?"

"ஊர்ல எல்லாரையும் கேட்டீங்க. வீட்ல ஒருநாள் கேட்டீங்களா? சம்பளத்த மாசாமாசம் எங்கிட்டதான் குடுக்குது."

அது அவருடைய சொந்தச் சம்பளத்தைவிட ஜாஸ்தி. நெஞ்சில் ஏதோ அடைத்தது. பெருமையா, கேசரியா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அப்பா, எனக்கு இவரப் புடிச்சிருக்கு," என்றாள் கிருபா. அன்றைக்கு வீட்டில் அவருக்குத் துணைக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. சம்மதித்தார்.

மே மாதம் கல்யாணம். வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றபடியே, "மாப்பிள்ள படிச்ச காலேஜ்ல சராசரி நாலாயிரம்," என்று ஒவ்வொருவர் காதிலும் போட்டார். அதில் ஒரு பொய்யும் இல்லை. திருத்தப் போன தேவானந்தத்தின் கையைக் கிருபா பிடித்து நிறுத்தினாள்.

"பொண்ணும் வேலைக்குப் போவுதே, இன்னா சம்பளம்?" என்று பெண் வீட்டு உறவுக்காரர் ஒருவர் கேட்டார்.

இன்பசேகரன் முகம் சுளித்தார். "அதெல்லாம் ஒருத்தர்கிட்ட கேக்கலாமாங்க? மரியாதையில்ல."